அலுமினியத் தாளில் ஒரு ஓட்டை

ஞாயிறு மாலை ஐந்தரை மணி. ரொட்டி எடுக்கப் போன வெர்னா மோசஸ் வெறுங்கையோடு நிலவறையிலிருந்து மேலே வந்தாள். போலீசுக்கு ஃபோன் செய்து, கூட வாடகைக்கு இருக்கும் ட்ரூடி படிக்கட்டுக்குக் கீழே செத்துக் கிடப்பதாகச் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போலீஸ் வரும்வரை அசையவில்லை.

ஆறு மணிக்கு வந்து சேர்ந்த சார்ஜென்ட் ஆர்டிஸ் குவாம், வடதுருவப் பகுதியை ஒட்டிய ஃபேர்பேங்க்ஸில் இருபத்து மூன்று கோடைகளைத் தூங்காமல் கழித்தவள். ஜூன் மாதத்தில் இந்த ஊர்ச் சூரியன் மறைவதும் ஒன்றுதான், மறையாததும் ஒன்றுதான். இரவு ஒரு மணிக்குச் சற்றுத் தலையைச் சாய்த்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடும். மனிதர்கள் மட்டும் அப்படி இருக்க முடியுமா?

ட்ரூடியின் வலது கையில் விரல் பதிந்த தடங்கள் இருந்தன. யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். எப்போது என்றால், டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நிலவறைக்குக் கீழே வருடம் முழுக்க உருகாத உறைமண். கோடையிலும் அந்தத் தரை குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்கும்.

"நேத்து ராத்திரியும் இருக்கலாம், இன்னிக்கு மத்தியானமும் இருக்கலாம். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க" என்றார்.

வெர்னாவின் படுக்கையறை பின்பக்கம் இருந்தது. கும்மிருட்டு. ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. ஜன்னல் தாழிட்டிருக்கிறதா என்று பார்க்க ஆர்டிஸ் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். தாள் முழுசாக உரிந்து வந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளித்து ஒட்டிய தாள். ஆணி கூடாது, திருகு கூடாது, பசை நாடா கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் கண்டிருக்கும் ஊரில், தூங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை இது. ஜன்னல் தாழிட்டே இருந்தது. வெளியே ஒரு ஊசியிலை மரம், அதற்கப்பால் வீட்டுக்காரர் வாரன் கிப்பின் சமையலறை. தாளைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்தாள்.

வெர்னா ஆஸ்பத்திரியில் உதவியாளர். யாரோ பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டுவது போல, ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாள். தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கிறாள். சனி நள்ளிரவில்தான் வீடு வந்தாள். ஜன்னலில் இருந்த பழைய தாளைக் காணோம். புதுத்தாள் வெட்டி ஒட்டி முடித்தபோது ஒரு மணி. தூக்க மாத்திரை போட்டுப் படுத்தாள்.

"நடுவுல எந்திரிச்சியா?"

"சத்தம் கேட்டு முழிச்சேன். ட்ரூடி யார்கிட்டயோ சண்டை போட்டுட்டிருந்தா. ஆம்பளைக் குரல். மாத்திரை மயக்கத்துல யாருன்னு புரியலை."

"மணி?"

"நாலு பத்து. சாயந்தரம்."

"இருட்டு ரூம்ல எப்படிப் பார்த்தே?"

"தாள்ல என் நகம் பட்டு ஒரு ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா வெயில் வந்து கடிகாரத்துப் பக்கத்துல வட்டமா விழுந்தது, காசு மாதிரி. அந்த வெளிச்சத்துல முள் தெரிஞ்சது."

"அப்புறம்?"

"திரும்பித் தூங்கிட்டேன்." வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். "அவ செத்துட்டிருந்தப்ப நான் தூங்கிட்டேன், மேடம்."

அழுதிருந்தால் ஆர்டிஸுக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. ஆர்டிஸும் குறிப்பெடுப்பது போலக் குனிந்துகொண்டாள்.

ஆறரைக்கு வாரன் கிப் வந்தார். கோட்டில் பூ குத்தியிருந்தது. தங்கை மகள் கல்யாணத்திலிருந்து நேரே வருகிறாராம். காலை பத்து மணியிலிருந்து அங்கேதான், ஊரே சாட்சி. அதற்கு முன் சனி இரவு பதினொன்றிலிருந்து காலை ஒன்பதுவரை தூக்கம். செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தமாகச் சொன்னார். அதற்குமேல் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. வெறும் ஜன்னலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கழட்டிட்டீங்களா, நல்லதாப் போச்சு. சனிக்கிழமை காலைல நானே சாவி போட்டுத் திறந்து பிச்சுப் போட்டேன். மறுபடி ஒட்டியிருக்கா பாருங்க. வீடு மாதிரியா இருக்கு? மிச்சச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வெச்ச மாதிரி இருக்கு. பளபளன்னு என் சமையலறைக்குள்ள அடிச்சு மனுஷன் கண்ணே போயிடும் போல இருக்கு."

எல்லாம் நேரத்தில் வந்து நின்றது. மாலை நாலு மணிக்கு ஒரு ஆள் அந்த வீட்டுப் படியேறியதை எதிர்வீட்டுக்காரி பார்த்திருந்தாள். வேறு யாருமில்லை, வெர்னாவின் தம்பி ஆல்வின். வண்டி நிறுத்தும் தகராறில் போன வாரம்தான் ட்ரூடியோடு தெருவே கேட்கும்படி கத்தியவன். இரவு எட்டு மணிக்கு அவனைக் கொண்டு வந்தார்கள்.

அக்காவுக்கு மீன் கொண்டுவந்ததாகவும், குளிர் புகாமலிருக்க வாசலில் கட்டிய தடுப்பறையில் வைத்துவிட்டுக் குரல்கூடக் கொடுக்காமல் போனதாகவும் சொன்னான். அவள் தூங்கட்டும் என்று நினைத்தானாம். மீன் அங்கே இருந்தது, உண்மைதான். ஆனால் மீனை வைத்தவன் கொல்ல மாட்டான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"உங்க அக்கா நாலு பத்துக்குச் சண்டைச் சத்தம் கேட்டதா சொல்றாங்க. அவங்களுக்குத் தப்பாப் பட்டிருக்குமோ?" என்று ஆர்டிஸ் ஒரு கயிறு எறிந்து பார்த்தாள்.

ஆல்வின் இல்லையென்று தலையசைத்தான். "எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா. நாலுன்னா நாலுதான். ஆனா நான் சண்டை போடலை."

பிடிக்கக் கிடைத்த கயிற்றைப் பிடிக்காத அந்தப் பையன் மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறகு அது வேறொன்றாக மாறி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வெர்னா வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்தாள். அது தம்பியை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"நீ கொஞ்சம் யோசிக்கலாம்" என்றாள் ஆர்டிஸ்.

"யோசிச்சா மணி மாறுமா, மேடம்?"

போகும் வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். வலித்ததாகவே தெரியவில்லை.

யோசித்தால் மணி மாறுமா? அந்தக் கேள்வி ஆர்டிஸை விடவில்லை. மாலை நாலு மணிக்குள் அந்த வீட்டில் இருந்தாள். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து, மூலையில் சுருட்டி வைத்த அதே தாளை அதே ஜன்னலில் ஒட்டினாள். சட்டை நனைந்தது. நீர்க்குமிழிகளை உள்ளங்கையால் தள்ளினாள். அறை இருண்டது. கட்டிலில் உட்கார்ந்து வெயில் காசுக்காகக் காத்திருந்தாள்.

நாலு பத்து. தாளில் ஓட்டை இருந்தது, சாம்பல் நிறத்தில் மங்கலாக. சுவரில் ஒன்றுமே விழவில்லை. மேகமோ என்று முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். துளி மேகமில்லை. முன்பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பின்பக்கம் நிழல்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் தனக்கு இருபத்து நாலு மணி நேரம் தெரியாமல் போனதற்காகத் தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள். பிறகு வாரன் கிப்பின் கதவைத் தட்டினாள்.

அவர் சமையலறையில் உட்கார வைத்து, காப்பி ஊற்றினார். அவள் தொடவில்லை.

"அந்தப் பையன் ஒத்துக்கிட்டானா, மேடம்?"

"இல்ல. சனி ராத்திரி பதினொண்ணுக்குப் படுத்தீங்க. எந்திரிச்சது?"

"ஒன்பது. சொன்னேனே."

"நடுவுல?"

"கட்டை மாதிரி தூங்கினேன்."

"வெர்னா மறுபடி ஒட்டினதை எப்பப் பார்த்தீங்க? நேத்து நீங்க வந்தப்ப ஜன்னல் வெறுமனே இருந்தது. நான்தான் கழட்டினேன்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "காலைல. கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப."

"அப்பவா கண்ணுல அடிச்சது?"

"ஆமா."

"அது வடக்கு ஜன்னல், மிஸ்டர் கிப். இந்த மாசத்துல அதுல வெயில் படறது ராத்திரிச் சூரியன்தான். விடியற்காலம் மூணு மணிக்கு ஆரம்பிச்சு, எட்டரை, ஒன்பதுக்குள்ள விலகிடும். திரும்பப் படணும்னா ராத்திரி ஏழு மணி ஆகும். அவ ஒட்டினது ஒரு மணிக்கு, சூரியன் போனதுக்கப்புறம். நான் உரிச்சது சாயந்தரம் ஆறு மணிக்கு, சூரியன் திரும்பி வர்றதுக்கு முன்னாடி. அந்தத் தாள் வெயில் பட்டு மின்னினதே அந்த ஒரு விடியற்காலம்தான். நீங்க கட்டை மாதிரி தூங்கிட்டிருந்த நேரம்."

அவர் ஜன்னல் வழியே எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா பார்த்த வெயிலும் அதுதான்" என்று ஆர்டிஸ் முடித்தாள். "சண்டை நடந்தது விடியற்காலம் நாலு பத்துக்கு. மாத்திரை போட்டுத் தூங்கினவ, இருட்டு ரூம்ல, முள்ளு வெச்ச கடிகாரத்தைப் பார்த்துட்டு, ரொம்ப நேரம் தூங்கிட்டோம்னு நினைச்சு சாயந்தரம்னுட்டா. ஆல்வின் மீன் கொண்டுவந்தப்ப ட்ரூடி செத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆச்சு. சாவி உங்ககிட்ட. மின்னினதைப் பார்த்துட்டு மறுபடி பிச்சுப் போடப் போனீங்க. அப்படித்தானே?"

வாரன் கிப்புக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சுருங்கிப் போனார்.

"ட்ரூடி பேக்கரில வேலை பாக்கறவ. லீவு நாள்லயும் மூணு மணிக்கே எந்திரிச்சிடுவா. நடையில வழி மறிச்சா. அந்தப் பொண்ணு ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டுத் தூங்கறா, எழுப்பாதேன்னா. என் வீட்டுலயே எனக்கு வழி இல்லையான்னு கையைப் பிடிச்சுத் தள்ளினேன். நிலவறைக் கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான். நான் கொல்லப் போகலை, மேடம். ஜன்னலைப் பார்க்கத்தான் போனேன்."

அன்று மாலை ஆல்வினை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்ளவில்லை. மீனை உறைபெட்டியில் வைத்தாளா என்று அவன் கேட்டான். அவள் இல்லை என்றாள். கெட்டுப் போயிருக்குமே என்றான். அப்போதுதான் அவள் கிட்டே வந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இருவரையும் ஆர்டிஸ்தான் வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஆல்வின் அடுப்பங்கரைக்குப் போனான். மணி எட்டு. படுக்கையறையில் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. சுவரில், கடிகாரத்துக்குச் சற்று மறுபக்கமாக, வட்டமாக ஒரு வெயில் காசு.

"ட்ரூடி என்னைத் தூங்க விடச் சொன்னாளாமே" என்றாள் வெர்னா.

"ஆமா."

"நான் இதை ஒட்டலைன்னா அவ இருந்திருப்பா."

இல்லை என்று சொல்ல ஆர்டிஸுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லாதவளிடம் பொய் சொல்வது எப்படி? "ஒட்டினது தப்பில்ல. தூங்கினதும் தப்பில்ல" என்று மட்டும் சொன்னாள். "அவ அதைக் காப்பாத்தத்தான் நின்னா."

வெர்னா கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக வராத அழுகை, சத்தமில்லாமல் வந்தது. ஆர்டிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் துழாவினாள். பசை நாடா ஒன்று கிடைத்தது. இனி இந்த வீட்டில் அதைத் தடுக்க யாருமில்லை. ஒரு துண்டு கிழித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கப் போனாள்.

"வேண்டாம் மேடம், அது இருக்கட்டும்" என்றாள் வெர்னா, முகத்தைத் துடைக்காமலே. "முழிச்சா பகலா ராத்திரியான்னு தெரியணும். காசு விழுந்தா ராத்திரி."