ஐந்தாவது ஆட்டக்காரன்

தம்பி செத்த பிறகு அவள் அந்த அறைக்குள் முதன்முறையாக நுழைந்தது ஒரு மதிய வேளையில். ஜன்னலில் அவன் ஒட்டிய கறுப்புத் தாள் அப்படியே இருந்தது. வியர்வையில் ஊறிய நாற்காலியின் வாடை. விளக்கைப் போட்டாள், எரியவில்லை. அழுகையும் வரவில்லை. உட்கார்ந்து கணினியைத் திறந்தாள்.

அவன் ஆடிவந்த ஆன்லைன் பரிசுப் போட்டியின் இறுதி ஆட்டம் அன்று. ஐந்து பேர் அணியில் அவன் மட்டும் வராவிட்டால், ‘பாதியில் ஓடியவர்’ என்று பெயரில் முத்திரை குத்திக் கணக்கையே மூடிவிடுவார்கள். செத்துவிட்டான் என்று போட்டி நடத்தும் தளத்துக்கு முன்பே எழுதியிருந்தாள். கணக்கு வைத்திருப்பவரே தெரிவிக்க வேண்டும் என்று பதில் வந்தது. பட்டம் வாங்கியவள்தான், இதற்கு என்ன எழுதுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

ராப்பகலாய் ஆடியவன் ஓடிப்போனவனா? அவன் பெயரில் அவளே ஆட உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, நீங்க ஒண்ணும் கிழிக்க வேண்டாம்,” ‘வாத்து’ என்ற பெயரில் ஆடும் அணித்தலைவன் ஸ்பீக்கரில் கிசுகிசுத்தான். “செவுரோரமா ஒளிஞ்சிருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

“ஒளியறதுக்கு எந்தப் பட்டன்டா?”

“வெளங்கிடும்.”

விசைப்பலகைக்கு மேலே ஒரு கேமரா. ஆடுகிறவரின் கைகளை மட்டும் நடுவருக்குக் காட்டும், முகம் தெரியாது. ஏமாற்றக் கூடாதென்று அறையில் ஒருவர்தான் இருக்கலாம்.

ஆட்டம் தொடங்கியது. ஒளியத்தான் பார்த்தாள். திரையில் அவளுடைய வீரன் சுவரைத் தாண்டிக் குதித்தான். ஒருவனைச் சுட்டான். இன்னொருவனை.

அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

பயமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப்பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“அக்கா...” வாத்தின் குரல் இறங்கியது. “ஆடறது யாரு?”

திரை உறைந்தது. நடுவர் குறுக்கிட்டார்.

“ஆட்டத்தை நிறுத்தியிருக்கோம். பக்கத்துல யாருங்க?”

“யாரும் இல்லை.”

“நாலு கை தெரியுது.”

குனிந்து பார்த்தாள். அவள் கைகள் மட்டும்தான்.

“ஒருத்தர் வெளிய போயிடுங்க. இல்லேன்னா கணக்கை நீக்க வேண்டியிருக்கும்.”

காதோரம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது கேட்டது.

போடா என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த அறையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் ஏது?

அவளே எழுந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே நடுவரின் குரல்: “நன்றி. இப்ப ரெண்டு கைதான். தொடரலாம்.”

நாற்காலியை யாரோ மேஜையருகே இழுத்துப்போட்டுக்கொண்டார்கள்.