இடது கால்

அஸ்மத் பீவி ஒழுங்காக நடந்தால்தான் கையில் கட்டியிருந்த பட்டை நடுங்கியது. தடுமாறினால் சும்மா இருந்தது.

மகன் ஆரிப் கட்டிவிட்டது அது. வயதானவர்களின் நடையைப் படித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறினால் விழப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுமாம். பச்சை எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்தால் கடையில் இருக்கும் ஆரிப்பின் போனுக்குச் செய்தி போய்விடும்.

"செவப்பாவே எரிஞ்சா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன் உம்மா. நான் கடையைப் பாப்பேனா, ஒங்களைத் தூக்குவேனா?" என்று அவன் சொல்லியிருந்தான். கீழக்கரையில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே தனியாகப் போய்ச் சுவரோடா பேசுவாள்?

"எழுவது வருஷமா நடக்குறவளுக்கு நீ நடை சொல்லிக் குடுக்குறியாக்கும்!" என்று பட்டையை வைதபடி நடந்தாள். அது விர்ரென்று நடுங்கிச் சிவந்தது.

ஒரு நாள் கால் மரத்துப்போய், இடது காலை இழுத்துக்கொண்டு எழுந்தபோது முதன்முறையாகப் பச்சை எரிந்தது. அட, இவ்வளவுதானா! அன்றிலிருந்து வேண்டுமென்றே இழுத்து நடந்தாள். சர்ரக், சர்ரக். டிக்கெட் பேச்சு நின்றது. ராப்பகலாகத் தூங்காமல் சுற்றிவந்த மருமகள் ஹிஃப்ஸாகூட மத்தியானங்களில் அசந்து தூங்க ஆரம்பித்தாள்.

அன்று அந்த அரபுத் துறைமுக நகரம் புஜைரா முழுக்கப் புழுதிக் காற்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் பழுத்து மங்கியிருக்க, ஏசியின் உறுமலுக்கு அடியில் துறைமுகத்துக் கப்பல் ஒன்று விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருக்க, எண்ணெய்த் தொட்டிகளின் வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்து ஹாலில் தேங்கியிருந்தது. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. கோடாலித் தைலம். அவள் அதைத் தொடுவதேயில்லை. கையை முகர்ந்தாள். பட்டையிலிருந்துதான் வந்தது.

அவளுக்குத் தெரிந்து தைலம் பூசாமல் படுக்காதவள் ஒருத்திதான். ஹிஃப்ஸாவின் உம்மா, சம்பந்தி ஹாலிதா. வாதம் வந்து இடது காலை இழுத்து நடந்தவள். இதே வீட்டில், குளியலறை வாசலில் விழுந்து மௌத்தானவள்.

மத்தியானச் சோற்றுக்கு வந்த ஆரிப்பிடம் கேட்டாள். "இது ஹாலிதா கட்டியிருந்ததா?"

அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஆமா உம்மா. அவங்க நடைதான் அதுல இருக்கு."

"அதை அழிச்சிட்டு என் நடையைப் போட வேண்டியதுதானே?"

"ஹிஃப்ஸா விடமாட்டேங்குறா." குரலைத் தாழ்த்தினான். "அவ உம்மா போனதிலேருந்து கண்ணே மூடல. இப்ப அந்தக் கால் சத்தம் கேட்டாத்தான் தூங்குறா. கொஞ்ச நாளைக்கு அப்படியே நடங்களேன்."

"அப்ப டிக்கெட்டுன்னு மிரட்டுனது இதுக்குத்தானாடா?"

அவன் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.

பெற்ற பிள்ளை! உயிரோடு இருக்கும் தாயைச் செத்தவளாக நடக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். பட்டையைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள். இனி என் நடைதான். ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும். தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

சர்ரக்.

நின்றாள். குனிந்து பார்த்தாள். இடது கால். தூக்கி வைக்கப் பார்த்தாள். வரவில்லை.

சர்ரக். சர்ரக்.

தைல வாசனை இப்போது அவள் கழுத்திலிருந்து வந்தது. கால் அடுப்படிக்குப் போகவில்லை. குளியலறைக்குத் திரும்பியது. நாற்காலியைப் பிடித்தாள். நாற்காலியும் கூடவே வந்தது.

படுக்கையறையில் தூக்கக் கலக்கத்தோடு ஹிஃப்ஸாவின் குரல். "உம்மா?"

மாமி என்றுதானே கூப்பிடுவாள். அஸ்மத் பீவி பல்லைக் கடித்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். விரல்களுக்கு இடையில் வாய் திறந்தது.

"இந்தா வந்துட்டேன் மவளே."

ஹாலிதாவின் குரல்.

உள்ளே ஹிஃப்ஸா நிம்மதியாகப் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. முன்னால் குளியலறை வாசல், ஈரமாக. இடது கால் அதை நோக்கி இழுத்துக்கொண்டே போனது. சோபாவில் பட்டை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.