மலினின் சின்னப் பூட்டு

“என் கையெழுத்தா இது? நல்லா பாரு! நான் சீட்டு எழுதினா மூணு ஆச்சரியக்குறி போடுவேன்டீ!”

குன்வோர் போட்ட கூச்சலில் குடியிருப்பின் சலவை அறையே அதிர்ந்தது. இருபது வருடமாக அண்டை வீட்டாரைச் சீட்டு ஒட்டியே திட்டி வருபவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிரித்தாவின் லேப்டாப்பில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு குறிகூட இல்லை. ‘பயன்படுத்தியபின் பூட்டவும்.’

துணி ஓடி முடிய நாற்பது நிமிடம் என்று லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்க மாடியேறியிருந்தாள் பிரித்தா. ஸ்வீடனில், அதுவும் சுண்ட்ஸ்வால் மாதிரி அமைதியான ஊரில் யார் எடுக்கப் போகிறார்கள்? இப்போது அது திறந்து கிடந்தது.

“அதுல என்ன தங்கமா இருக்கு?” என்றாள் குன்வோர்.

பெண்கள் காப்பகத்து வேலை பிரித்தாவுக்கு. புருஷன்மார்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஐந்து பெண்களின் முகவரி அதில் இருந்தது. ஒரு வாரமாக யாரோ காப்பகத்திலிருந்து தன் பின்னால் வருவது போலிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அலுவலகத்தின் கணினி ஆள் யோவாகிமை போனில் பிடித்தாள்.

“டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கு, பிரித்தா. எவன் கழட்டினாலும் ஒண்ணும் தேறாது. அணைச்சுட்டுத்தானே போன?”

“மூடினேன்.”

“மூடினா தூங்கும், அவ்வளவுதான். உள்பூட்டு திறந்தே கிடக்கும். பாஸ்வேர்டாவது கேக்கும்ல?”

துணி பார்க்க எழும்போதெல்லாம் கேட்டு உயிரை எடுக்கிறது என்று அவளேதான் அதை நிறுத்திவைத்திருந்தாள். ஊரார் ரகசியம் காப்பவளின் சாமர்த்தியம்.

மூன்று மணிக்கே இருட்டியிருந்த சன்னலுக்கு வெளியே பனி விழ, ஈரக் கம்பளியும் சோப்பும் கலந்த வெதுவெதுப்பான வாடையில், நின்றுபோன இயந்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையை எண்ணியபடி அவள் திரையைப் பார்த்தாள். பட்டியல் திறந்திருந்தது. ஒரு வரி மட்டும் நீலமாக. மலின். இதே கட்டடம். மூன்றாம் மாடி. அவளை அங்கே குடிவைத்ததே பிரித்தாதான்.

மலினுக்கு அழைத்தாள்.

மணி அடித்தது. மாடியில் இல்லை. இங்கே. துணி காயவைக்கும் அலமாரிக்குள்.

குன்வோர் அலமாரியின் கைப்பிடியை இழுத்தாள்.

கதவு திறந்தது. சூடான காற்று. மலினின் மஞ்சள் ஸ்வெட்டர் மட்டும், சுருக்கமில்லாமல் மாட்டியிருந்தது. பையில் போன். மார்பில் ஒரு சீட்டு. அதே கையெழுத்து.

‘நன்றி, பிரித்தா.’

மற்ற நால்வரும் அந்த வாரமே வேறு ஊர்களுக்குப் போனார்கள். குன்வோர் குடியிருப்பின் பராமரிப்பாளனைக் கட்டிக்கொண்டு யேவ்லே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தாள். அங்கும் சீட்டு ஒட்டுகிறாளாம். பிரித்தா போன இடம் தெரியவில்லை.

மலினை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சலவைக்கு நேரம் பதிவு செய்யும் பலகையில், வேண்டிய நேரத்தில் மாட்டிவைக்க வீட்டுக்கொரு சின்னப் பூட்டு உண்டு. அந்த வீட்டுச் சாவி இல்லாமல் அதை நகர்த்த முடியாது. மலினின் பூட்டு வியாழன் ஐந்து மணியில் இருக்கிறது.

ஒவ்வொரு வெள்ளியும், யாரும் பார்க்காதபோது, அது அடுத்த வியாழனுக்கு நகர்ந்திருக்கிறது.