இடக்கையில் மூன்று விரல்

1991 மார்ச் 14, வியாழக்கிழமை. மதியம் 2.10.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் இயங்கிய தட்டச்சு நிலையத்தில், சீதாலெட்சுமி கணினி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள். வாயோரம் நுரை. சுவர் ஆணியில் பால் சேர்க்காத தேநீரான தே-ஓ தொங்கியது, பிளாஸ்டிக் பையில், ஸ்ட்ராவோடு, பாதி குடித்தபடி. திரையில் ஆங்கிலத்தில் இரண்டே வரிகள்.

நான் செத்தால்தான் தனக்கு வழி பிறக்கும் என்று என் தங்கை ரமணி சொன்னாள். வழியை விட்டுவிட்டேன்.

2.45. இன்ஸ்பெக்டர் வேலாயுதம் பையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சோதனைக்கு அனுப்பினார். ரமணி மாடிப்படியிலேயே நின்றாள். கடிதத்தில் இருந்த செய்தி அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன், பிணத்தைத் தொடவும் விடமாட்டேன் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

"சொன்னியா?" என்றார் வேலாயுதம்.

"சொன்னேன் சார். நேத்து இங்க போன் பண்ணேன். அக்கா கல்யாணமே வேணாம்னுச்சு. அது முடிஞ்சாதானே எனக்குப் பாப்பாங்க. கோவத்துல வாய்ல வந்துடுச்சு."

"நீ சொன்னதை அங்க யார் யார் கேட்டாங்க?"

"அக்கா டைப் அடிச்சிக்கிட்டே ஸ்பீக்கர்ல பேசும். முதலாளியும் இராமலிங்கம் அண்ணனும் இருந்தாங்க. யாரோ சிரிச்சது கேட்டுச்சு."

அடுத்து முதலாளி காசிவிஸ்வநாதன்.

"பதினோரு மணிலேர்ந்து கோர்ட்ல இருந்தேன், சார். வக்கீலைக் கேளுங்க. ரவாங் ஃபேக்டரியில இடது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயிடுச்சு அந்தப் பொண்ணுக்கு. எட்டு விரல்ல அவ செய்யறதை இராமலிங்கம் பத்து விரல்ல செய்ய மாட்டான். அடுத்த மாசத்துலேர்ந்து அவ ஒருத்தி போதும்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

"அவ முன்னாலயா?"

"அவ முன்னாலதான். அப்பவாவது உறைக்கட்டும்னு."

கடைசியாக, அங்கே வேலை செய்த இன்னொருவனான இராமலிங்கம்.

"எட்டு மணிக்கே கிள்ளானுக்கு டெலிவரி போயிட்டேன், பாஸ். ஒண்ணேகாலுக்கு வந்து கீழ சாப்பிட்டேன். மேல வந்தப்பவே பொணம்தான்."

"இன்னிக்கு அவகிட்ட பேசினியா?"

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் பேசவே இல்ல லா."

"மெஷினைத் தொட்டியா?"

"பொணத்துக்குப் பக்கத்துல எவன் போவான்?"

"நேத்து போன் வந்தப்ப சிரிச்சது யாரு?"

"நான்தான். அவளை நண்டுன்னு கூப்பிடுவேன். ஜோக்குதான் லா. அவளும் சிரிப்பா."

3.40. பிணத்தை எடுத்துப் போனபின் வேலாயுதம் அந்தக் கணினி முன் உட்கார்ந்தார். சீதாலெட்சுமி தட்டச்சு செய்த எடிட்டர் என்னும் மென்பொருள், ஆள் விரும்பியபடி மாற்றி எழுதிக்கொள்ளக்கூடியது. அவளுடைய மாற்றங்கள் எல்லாம் ஒரு செட்டிங் கோப்பில் இருந்தன. எடிட்டர் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் அவள் காரணமும் எழுதியிருந்தாள். பதினோரு பக்கம். அச்செடுத்து முழுவதையும் படித்தார்.

இரண்டு இடங்களில் பென்சிலால் கோடிட்டார்.

ஒன்று: எந்தக் கோப்பைச் சேமித்தாலும் அதன் முதல் வரியில் எடிட்டரே தேதியும் மணியும் போட்டுவிடும். அவளுடைய பழைய கோப்புகளில் நாற்பதைத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. கோப்புப் பட்டியலின்படி 1.50-க்குச் சேமித்த மரணக் கடிதத்தில் இல்லை.

இரண்டு, கோப்பின் கடைசியில்: "இன்று காலை 11.40. இல்லாத விரல்களுக்குரிய இடது ஓரத்து எழுத்துகளை வலக்கைப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். காலியான விசைகளில் ஒப்பந்தப் பத்திகள். ஆறு வாரம் வீட்டு நோட்டில் போட்டுப் பார்த்தது. யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முதலாளிக்குக் காட்டுவேன்."

வேலாயுதம் எடிட்டரைத் திறந்து A விசையை ஒருமுறை தட்டினார். குத்தகை ஒப்பந்தத்தின் இருபது வரிகள் திரையில் கொட்டின.

5.05. எடிட்டரை மூடிவிட்டு முதலாளியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"எடிட்டரைத் திறந்து உங்க பேரை அடிங்க."

இரண்டாவது எழுத்திலேயே ஒப்பந்தம் கொட்டியது. காசிவிஸ்வநாதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயோ, என்ன சார் இது? மெஷின் கெட்டுப்போச்சா?"

அவரை இராமலிங்கத்திடம் பேசவிடாமல் வெளியே அனுப்பினார். எடிட்டரை மறுபடி மூடினார். இராமலிங்கம் வந்தான்.

"உன் பேரை அடி."

எடிட்டரைத் திறக்க இராமலிங்கம் அதன் பெயரைத் தட்டினான். இடம் விட்டு ஒரு சிறு கோடு, ஓர் எழுத்து. எடிட்டர் திறந்தது. பெயர் ஒழுங்காக விழுந்தது.

"கடைசியா என்னமோ சேத்தியே, அது என்ன?"

"செட்டிங்கைப் படிக்காம திறக்கறது, பாஸ். அவ வச்ச கீயில நாம அடிக்க முடியாதே."

சொன்ன பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவ கீயை மாத்தினது இன்னிக்குக் காலையில பதினொண்ணு நாப்பதுக்கு. நேத்துவரைக்கும் சாதாரண கீதான். நீ அப்ப கிள்ளான்ல. அவகிட்ட பேசவே இல்ல. மெஷினைத் தொடவும் இல்ல. பின்ன எப்படித் தெரியும்?"

இராமலிங்கம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"தே-ஓவுல விஷம் கலந்து கொடுத்தே. அவ செத்ததும் கடிதம் அடிக்க உக்காந்தே. ஒப்பந்தம் கொட்டுச்சு. அழிச்சிட்டு, செட்டிங் இல்லாம திறந்து அடிச்சே. கீ சரியாயிடுச்சு. ஆனா முதல் வரியில தேதி போடறதும் அதே செட்டிங்தான். அதுவும் கூடவே போயிடுச்சு. சாகப்போறவ, தன் கைக்குன்னு செஞ்சு வச்சதைத் தூக்கிப்போட்டுட்டா கடிதம் அடிப்பா? தே-ஓ பையில கைரேகையும் எடுத்தாச்சு."

இராமலிங்கம் தன் கைகளையே பார்த்தான்.

"மூணு மாசமா முதலாளி என் விரலை எண்ணிக்கிட்டு இருந்தாரு" என்றான். பிறகு வாசலில் நின்ற ரமணியைப் பார்த்துச் சிரித்தான். "கடிதத்துக்கு நான் யோசிக்கவே வேணாம் லா. நீதான் சொல்லிக் கொடுத்துட்டியே."

6.50. பத்துமலைக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் சீதாலெட்சுமியின் வீடு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலாயுதமே ரமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றார்.

"அம்மா, அது அக்கா எழுதலம்மா. இராமலிங்கம் எழுதினது. சாரைக் கேளு."

வேலாயுதம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு ரமணி பக்கம் திரும்பினார்.

"எழுதினது அவன். சரி. போன்ல அப்படிச் சொன்னது யாரு?"

ரமணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கொன்னது அவன்தாங்க" என்றார் வேலாயுதம்.

"நீங்க அவனைப் பிடிச்சிட்டீங்க, நல்லா இருங்க. எம்மகளைச் சாவுன்னு சொன்னவளை நான் கேக்கறேன். நீ சொல்லலன்னு சொல்லுடி. உள்ள வா."

ரமணி கம்பியை விடாமல் தலையைக் குனிந்தாள்.

அம்மா கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.