வலது நெஞ்சில் இறங்கிய ஊசி

காலை 10.05. மருத்துவமனையின் மூன்றாம் படுக்கையில் தச்சர் இறந்து கிடந்தார். நீர் கோத்திருந்தது இடது நெஞ்சில். அதை எடுக்க ஊசி இறங்கியதோ வலது நெஞ்சில். நன்றாக இருந்த நுரையீரலும் சுருங்கிப் போயிற்று.

பகல் 2.00. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து பெண் அதிகாரி வந்து சேர்ந்தார். எக்ஸ்ரே எடுக்கும் பெண் அதற்குள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"படத்தை இடம் வலமா மாத்தி ஏத்திட்டேன் மேடம். என் தப்புதான். போலீஸ் வெளியில நிக்குது. சாயங்காலம் பொண்ணை ஸ்கூல்ல இருந்து யாரு கூட்டிட்டு வருவான்னு தெரியல."

"கருவி என்ன சொல்லிச்சு?"

"எங்க பெரிய டாக்டரா? இங்க எல்லாரும் அதை அப்படித்தான் கூப்பிடுவோம். குடுத்த படத்தைப் பாத்து, வலப்பக்கம் நீர்னு சொல்லிடுச்சு."

"நெஜ டாக்டர்?"

"அவரும் அதையேதான் சொன்னார்."

சட்டம் தெளிவானது. கருவியின் முடிவைத் திறக்குமுன், மருத்துவர் நோயாளியைத் தாமே சோதித்துத் தாளில் எழுதிவிட வேண்டும்.

2.40. டாக்டர் தாளை நீட்டினார். 'மணி 9.10. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் மூச்சொலி குறைவு.' கருவியின் முடிவு திறக்கப்பட்டது 9.14க்கு.

"நாலு நிமிஷம் முன்னாடியே எழுதியாச்சு மேடம். விதிப்படி எல்லாம் சரி. அந்தப் பொண்ணு படத்தை மாத்தினா நான் என்ன பண்றது?"

அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார்.

"அவ மாத்தினது படத்தை. உங்க காதை யாரு மாத்தினது?"

அதிகாரி தாளை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீர் இருந்தது இடப்பக்கம். நெஜமாவே கேட்டிருந்தா, சத்தம் குறைஞ்சிருக்கறது இடப்பக்கம்தான். படத்துல இருந்த தப்பு உங்க காதுக்கு எப்படி வந்துது? கருவி சொன்னதைப் பாத்து எழுதிட்டு, மணியை மட்டும் முன்னாடி போட்டுட்டீங்க."

"ஒரு நாளைக்கு எண்பது பேர் மேடம்," என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். "ஒரு வருஷமா அது ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல."

"தப்பில்லன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு தடவையும் என் குறிப்போட ஒத்துப்..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இங்கே நடந்த ஓராண்டுச் சோதனையில் இந்த டாக்டரின் குறிப்புகளோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனதால்தான் அந்தக் கருவிக்கு உரிமமே கிடைத்தது. அதை நம்பி இன்னும் பதினொரு மருத்துவமனைகள் அதை வாங்கியிருந்தன.

3.15. எக்ஸ்ரே பெண் வாசலில் நின்றாள். "நான் தப்பிச்சேனா மேடம்?"

"உன் தப்பையும் எழுதத்தான் செய்வேன்மா. அதைப் பிடிக்கறதுக்குன்னே உக்காந்திருந்தவர் கண்ணை மூடிக்கிட்டார்னும் எழுதுவேன். சாவுப் பழி மொத்தத்தையும் உன் தலையில கட்ட விடமாட்டேன்."

பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தார். "பதினொரு இடத்துலயும் கருவியை நிறுத்தச் சொல்லுங்க."

"அங்கயும் தப்பு நடந்திருக்கா?"

"அதான் பயமா இருக்கு. அங்கயும் டாக்டருங்க கருவியைப் பாத்தே எழுதியிருந்தா, நடந்துச்சா இல்லையான்னு சொல்ல யாருமே இல்ல."