நாப்பூட்டு வண்டுகள்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குவிமாட நகரில் சட்டையை உதறாமல் யாரும் போடுவதில்லை. உதறினால் பத்து வண்டாவது விழும். சாம்பாரில் மிதந்தால் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

செண்பகவல்லிக்கு மட்டும் பதினோரு வருடமாகியும் பழகவில்லை. இத்தனைக்கும் அந்த வண்டுகளை வளர்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். காலருக்குள் ஒன்று ஊர்ந்தால் போதும், குடலைப் பிரட்டிக்கொண்டு வரும்.

வேறு வழியில்லை. நகரம் மூச்சு விடுவதே ஏரிப் பாசியின் தயவில்தான். பூமியிலிருந்து யாரோ மடியில் கட்டி வந்த ஆகாயத்தாமரை ஏரியை மூடியது. வெயில் படாமல் பாசி செத்தது. ஊரே மூச்சுத் திணறியது. அதன் பிறகுதான் மரபணுவில் நாப்பூட்டு போட்ட இந்த வண்டுகள் வந்தன. ஆகாயத்தாமரையைத் தவிர வேறு எதுவும் அவற்றின் தொண்டையில் இறங்காது. அது கிடைக்காவிட்டால் மூன்றே நாளில் செத்துவிடும்.

போன திங்களன்று கடைசிச் செடி தீர்ந்தது. வியாழனன்று கரை நெடுக முழங்கால் உயரத்துக்கு வண்டுப் பிணம், அழுகின மீன் நாற்றம். செண்பகவல்லி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, இரண்டு முறை வாந்தியெடுத்து, அத்தனையையும் வாரி எரியுலையில் கொட்டினாள். வளர்ப்புக்கூடத்துத் தாய் வண்டுகளும் பட்டினியில் போய்விட்டன. மறுபடி பூமியிலிருந்து வரவழைக்க மூன்று வருடமாகும். சனியன் தொலைந்தது என்று கதவைப் பூட்டினாள்.

ஞாயிறன்று அவளுக்குப் பாராட்டு விழா. நகரத் தலைவர் ஆவுடையப்பன் சால்வை போர்த்தினார். அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினாள். தண்ணீரில் ஊதாப் பூ ஒன்று, இதழில் மஞ்சள் பொட்டோடு மிதந்தது.

செண்பகவல்லிக்குக் கை நீளவில்லை. "இது ஏது மேடம்?"

"எங்க வீட்டுதுதாம்மா. அந்தக் கண்றாவி வண்டு கடிச்சிரும்னு கொசுவலைக்குள்ள வச்சுக் காப்பாத்துனேன். எங்க தெருவுல எல்லார் வீட்லயும் இருக்கு."

"ஏரிய மூடுனது இதுதான்."

"அது ஏரியில கெடந்த களை. இது வீட்டுப் பூ. வாரா வாரம் தண்ணி மாத்தணும், அவ்வளவுதான்."

"பழைய தண்ணிய எங்க ஊத்துவீங்க?"

"வேற எங்க, ஏரியிலதான். நேத்து ரெண்டு மூணு குட்டிச்செடி கூடப் போயிருச்சு. மிதக்கிறதப் பாக்க அவ்வளவு அழகு."

கூட்டம் கை தட்டியது. செண்பகவல்லி சால்வையை விலக்கி, காலருக்குள் விரலை விட்டு, ஒரு வண்டாவது ஊராதா என்று தடவிப் பார்த்தாள்.

ஒன்றுமே ஊரவில்லை.