நடுப்பாலத்தில் நின்றவள்

சூரியன் விழ இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பல்லுக்காரர் பைக்கைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, காமிரா ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். பத்து மாதம் கழித்து இந்த இரும்புப் பாலத்துக்கு வருகிறார். இதில் ரயில் ஓடுவது நின்று பல வருடம் ஆயிற்று. இப்போது நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும்தான் பாலம், அதுவும் ஏழு மணி வரைக்கும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"பட்டறையிலதாம்மா. ஒரு பல் செட்டு நாளைக்குக் குடுத்தாகணும்."

"காத்துச் சத்தம் கேக்குதே?"

"ஃபேன் ஓடுது."

"அந்தக் காமிராவை யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்கப்பா. சொன்னாக் கேளுங்க."

"குடுத்துடலாம், குடுத்துடலாம்."

சுத்தமாகப் பொய் சொல்ல வராத மனுஷன். ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவர் செய்து கொடுத்த பற்கள்தான். அதில் ஒரு குறை சொன்னால்கூட மூஞ்சி வெளுத்து நிற்பார். அப்படிப்பட்டவர் பத்து மாதமாக மகளிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தார். அது உள்ளே கிடந்து அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து நின்றார்.

"சார்... நீங்களா?"

அன்றைக்கு இவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். கால் பக்கம் பிடித்திருந்தார்.

"ஒரே ஒரு படம். எடுத்துட்டுக் கிளம்பிடறேன்."

காவல்காரர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். பிறகு சொல்லியே விட்டார்.

"சாயங்காலமானா நடுப்பாலத்துல எல்லாரும் ஒதுங்கி நடக்கறாங்க சார். அங்க ஒண்ணும் இல்ல. நானே போய்ப் பாத்துட்டேன். ஆனா ஒதுங்கறாங்க."

பல்லுக்காரர் ஸ்டாண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். அவர் வந்ததே அதற்காகத்தான்.

பாலங்களைப் படம் பிடிப்பது அவருக்குப் பிழைப்பு இல்லை, கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கால் வீட்டில் தங்காது. லென்சின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை நாலு நிமிடம் திறந்தே வைப்பார். அந்த நாலு நிமிடத்தில் ஓடுகிற ஆறு பாலாடைபோலப் படியும். மேகங்கள் இழுபடும். நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். அசையாமல் நிற்பது எதுவோ அதுமட்டும்தான் விழும். பாலம் எவ்வளவு பெரியது என்று தெரிய நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், இருபத்திரண்டு வருடமாக, அவருடைய மனைவி.

"கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை நீங்க சேர்ந்தாப்பல நாலு நிமிஷம் பாக்கல," என்பாள். "இப்பவும் என்னையா பாக்கறீங்க? உங்களுக்கு நானும் ஒண்ணு, கைப்பிடிக் கம்பியும் ஒண்ணு."

வாய்தான் அப்படிப் பேசும். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து நிற்பாள். அந்தப் பழைய காமிராவின் முன்பக்கம், வேலை நடக்கும்போது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. விளக்கு எரிகிறவரை அசையக் கூடாது. அணைந்தால் வந்துவிடலாம். எண்பது அடி தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

பத்து மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் சொன்னாள், நெஞ்சு என்னவோ பாரமாக இருக்கிறது என்று. "நாலு நிமிஷம்தானே, நின்னுட்டு வந்துடு, போற வழியில டாக்டரைப் பாக்கலாம்" என்றார். அவளும் சரி என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தாள்.

முந்தின நாள்தான் காமிராவில் புதிதாக ஒன்றைத் தட்டி வைத்திருந்தார். நாலு நிமிடம் படம் எடுத்து முடித்த பிறகு, காமிரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நாலு நிமிடம் வெறும் இருட்டைப் படம் எடுக்கும். முதல் படத்தில் விழுந்த புள்ளிகளை அதை வைத்துத் துடைக்கும். அந்த இரண்டாவது நாலு நிமிடத்துக்கு யாரும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டார்.

முதல் நாலு நிமிடம் முடிந்ததும், படம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் திரும்பி நின்று போனை எடுத்தார். புதுப் பல் செட்டு சாப்பிடும்போது கடகடவென்று தாளம் போடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் புலம்பினார். "பேத்திக்குத் தாலாட்டுப் பாடிக்கலாமே" என்று இவர் கிண்டல் செய்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. அவள் கம்பியோடு கம்பியாகச் சரிந்து கிடந்தாள்.

"முதல் வலியிலேயே உக்காந்து, உடனே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா நின்ற இடத்திலேயே நொடியில் போய்விட்டாள் என்றுதான் மகளுக்குத் தெரியும். விளக்கு எரிந்ததால் வலியோடு நின்றாள் என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏழு மாதம் காமிராவைத் தொடவில்லை. அப்புறம் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிநேகிதர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, வெளியே வாருங்கள் என்று விடாப்பிடியாக இழுத்துப் போனார். ஆலைக்குப் பக்கத்திலுள்ள காங்கிரீட் பாலம். நாலு நிமிடப் படம். சிநேகிதர்தான் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்.

"யாரை நிக்க வெச்சீங்க?"

"யாரையும் இல்லையே."

"பாருங்க. கல்லுல செதுக்கின மாதிரி நிக்கறாங்க. உசுரோட இருக்கற உடம்பு நாலு நிமிஷத்துல கொஞ்சமாவது ஆடிடும். இது ஒரு இழைகூட ஆடல. ஸ்வெட்டர்ல பட்டனை எண்ணலாம்..."

சிநேகிதர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

அடுத்து, பூங்காவிலிருக்கும் மரப்பாலத்தில் தனியாகப் போய் எடுத்தார். அங்கேயும் நின்றாள். இடது கை நெஞ்சில். கண் காமிராவையே பார்த்தபடி. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பொறுமைதான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். இன்னும் நிற்கிறாள், பைத்தியக்காரி. நான் சொன்ன சொல்லுக்காக இன்னும் நிற்கிறாள். போதும் என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் இன்று வந்திருக்கிறார்.

அன்று நின்ற அதே இடத்தில் ஸ்டாண்டை ஊன்றினார். அதே கறுப்புக் கண்ணாடி. அதே அமைப்பு. சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிடங்குகளின் கூரையைத் தொட்டபோது ஷட்டரை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

பாலம் காலியாக இருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

காதில் மாட்டிய பாட்டோடு ஒரு பெண் ஓடி வந்தாள். நடுப்பாலத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, தோளை ஒருக்களித்து, எதையோ சுற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கில் "சாரி" என்றாள்.

யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து.

பல்லுக்காரர் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பத்தாறு. முதல் நாலு நிமிடம் முடிந்து, காமிராவுக்குள் ஷட்டர் மூடும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அன்று திரும்பி நின்ற நேரம் இது. இன்று திரும்பவில்லை. பாலத்தில் காலை வைத்தார்.

இரும்புத் தகடுகள் காலடியில் ஒவ்வொன்றாக முனகின. வெளிச்சம் துருவின் நிறத்துக்கு வந்திருந்தது. ஐம்பது அடி. அறுபது. ஆற்றுக்காற்று ஊதிக்கொண்டே இருந்தது.

நடுப்பாலத்துக்கு வந்ததும் காற்று நின்றது.

கீழே தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

வலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை வந்தது. அன்று காலை அவள் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட தைலம். கைப்பிடிக் கம்பியைத் தொட்டார். ஒரே ஒரு முழம் அளவுக்கு மட்டும் கம்பி சூடாக இருந்தது, யாரோ வெகுநேரமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைப்போல.

எப்படியோ சொன்னார்.

"போதும்மா. வந்துடு."

ஒன்றும் நடக்கவில்லை.

"போதும்னு சொல்றேன்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

காதுக்கு மிக அருகில், வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருக்கிற குரல் ஒன்று கேட்டது.

"வெளக்கு இன்னும் அணையலையேங்க."

பல்லுக்காரர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது உடம்பு எப்படி ஓடியதோ தெரியாது. காமிராவை வந்து பிடித்தார். அணைக்கிற பட்டனை அழுத்தினார். வேலை முடியாமல் அணையாது அந்தச் சனியன். பாட்டரி மூடியில் நகத்தை வைத்தார்.

கை நின்றுவிட்டது.

பாட்டரியை உருவினால் படம் போய்விடும். உள்ளே இருப்பது அவள். இதே பாலத்தில், இதே வெளிச்சத்தில், இனிமேல் எடுக்கவே முடியாத ஒரு படம். இன்னும் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் பொறுத்தால் அது அவருக்கே அவருக்கு. பத்து மாதமாகக் காய்ந்து கிடக்கிற மனசு, இதற்கு ஆசைப்படாமல் இருக்குமா?

நடுப்பாலத்தில் கம்பி அதிர்ந்தது. நிற்க முடியாத ஒருவர் பிடித்துத் தொங்குகிற அதிர்வு.

"அட பாவி," என்று தன்னையே சொல்லிக்கொண்டார். "மறுபடியுமா அவளை நிக்க வைப்ப?"

பாட்டரியை உருவி எடுத்தார்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு நடுப்பாலத்தில் ஒரு தகடு முனகியது. அடுத்து அதற்கு இந்தப் பக்கத்துத் தகடு. கால் மரத்துப்போனவர்கள் நடக்கிற மாதிரி, மெல்ல, நின்று நின்று, தகடு தகடாக அந்தச் சத்தம் அவரை நோக்கி வந்தது. ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. அவர் நின்றார். அவள் அத்தனை நேரம் நிற்கவில்லையா?

கடைசித் தகடு முனகியது. தைல வாசனை பக்கத்தில் வந்து நின்றது.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுதும்மா."

"இன்னிக்கு ரொம்ப நேரம் ஆயிடுச்சே."

"ஆமா. என் தப்பு. நீ பாதியிலேயே வந்திருக்கலாம். நான்தான் சொல்ல மறந்துட்டேன். உனக்கு வலிச்சது, நான் அங்க திரும்பி நின்னு சிரிச்சிட்டிருந்தேன். என்னை மன்னிச்சிடு."

பத்து மாதமாக நெஞ்சில் கிடந்த வார்த்தைகள் வெளியே வந்து விழுந்தும் பாரம் குறையவில்லை. அவர் தோளை ஏதோ லேசாக இடித்தது, ஒருவர் காமிராவை எட்டிப் பார்க்கச் சாய்கிற மாதிரி.

"நல்லா வந்திருக்கா?"

அவர் கையில் பாட்டரி இருந்தது. படம் எங்கேயும் இல்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு."

"காட்டுங்க."

கேட்டுப் பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் ஆடியபடி வந்தது. மணி ஏழு ஆகப்போகிறது என்று சொல்ல வந்த காவல்காரர் பாதி வழியில் நின்றார். கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, சாவிக்கொத்து சத்தம் போடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

பல்லுக்காரர் காமிராவைத் திருப்பி, உயிரில்லாத அந்தக் கறுப்புத் திரையைப் பக்கவாட்டில் நீட்டினார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது.

"இதோ பாரு, ஆறு. பனி மாதிரி படிஞ்சிருக்கா? மேல மேகமெல்லாம் ஒரே பக்கமா ஓடுது. இது பாலம். நடுவுல இது நீ. சிரிச்சிட்டுதான் நிக்கற. கையை இப்படித் தொங்கவிட்டு, ஹாயா நிக்கற. வலியே இல்ல பாரு மூஞ்சியில. பட்டன்கூட ஒண்ணு விடாமத் தெரியுது..."

அழுகை சத்தமாக வெடித்துவிடுமோ என்று மூச்சை இறுக்கி அடக்கிக்கொண்டார்.

கறுப்புத் திரையின் ஓரத்தில், யாரோ வெகு அருகில் குனிந்து பார்க்கிறபோது படிவதைப்போல, வட்டமாக ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது.